மூன்று டிக்கெட்

ஞாயிறு இங்கே வாரத்தின் முதல் நாள்.
தலைவலிகளும் அன்றுதான் அதிகம்.
ரூவியின் மொட்டை மலைகள் சன்னலில் வெந்துகொண்டிருக்க
பள்ளி மருத்துவ அறையில்
பதிவேட்டைத் திறக்கிறேன்:
ஜெஸீமா, ஒன்பது சி. தலைவலி.
மேலே, போன வாரம், தலைவலி.
அதற்கும் மேலே, தலைவலி.
மூன்றும் என் கையெழுத்து.

காய்ச்சல் இல்லை. பிரஷர் சரி.
கட்டிலில் உட்கார்ந்து ஷூ நாடாவைப் பார்த்தபடி
சிரித்துக்கொண்டே சொன்னாள்:
"ஜூலைக்கு மூணு டிக்கெட் போதும்னு
வாப்பாகிட்ட சொல்லணும் மிஸ்.
எனக்குப் போட்டா காசு வீண்."

அவர்கள் வீட்டில் நான்கு பேர்.

சிரிப்பில் வந்ததைச் சிரிப்பிலேயே விட்டுவிடலாம்.
வெளியே இரண்டாம் வகுப்பு
உயரம் எடை பார்க்க வரிசையில் நிற்கிறது.
விட்டிருக்கிறேன் ஒருமுறை.
சலாலாவில், பழைய பள்ளியில், ஒரு பையனிடம்
"அப்படியெல்லாம் பேசப்பிடாது,
உனக்கு என்ன குறை" என்றேன்.
"சும்மா சொன்னேன் மிஸ்" என்றான், மிக மரியாதையாக.
பிறகு அவன் என் அறைக்கு வரவேயில்லை.
லீவுக்குப் போனவன் ஊரிலேயே சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள்.
நம்பினேன்.
இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

வரிசையை பி.டி. மாஸ்டரோடு திருப்பி அனுப்பினேன்.
முக்காலியை இழுத்துப்போட்டு
அவள் கண்ணுக்குக் கீழே என் கண் வரும்படி உட்கார்ந்தேன்.
இருபது வருடம் ஊசி போட்ட கை நடுங்கியது.
"மக்களே, செத்துப்போகணும்னு நினைக்கிறியா?"

கூரை விழவில்லை.
ஏசி தன்பாட்டில் ஓடியது.
அந்தச் சொல்லை நானா அவள் தலையில் வைத்தேன்?
அது முன்னமே அங்கே இருந்தது,
தினமும் அவளோடு பஸ் ஏறி இறங்கிக்கொண்டு.
சுமையில் ஒரு பக்கம் பிடித்தேன், அவ்வளவுதான்.

வெகுநேரம் கழித்து, "ராத்திரியில" என்றாள்.
பிறகு நிறைய.
வகுப்புக் குழுவில் சுற்றிய ஒரு படம்.
தங்கைக்குக் கேட்காதிருக்க
குழாயைத் திறந்துவிட்டு அழுவது.
புத்திமதி நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினேன்.
எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாளா,
அதையும் கேட்டேன்.
அதற்கு அவள் சொன்னது இந்தக் கவிதையில் வராது.
எழுதவேண்டிய இடத்தில் எழுதினேன்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."
"பண்ணமாட்டேன்."
கடை ஷட்டர்போல முகம் இறங்கியது.
"சொல்லத்தான் செய்வேன்.
முதல்ல யாருக்கு, எந்த வார்த்தையில,
அதை நீயும் நானும் சேர்ந்து முடிவு பண்ணுவோம்."
ஷட்டர் ஒரு சாண் ஏறியது. அதற்கு மேல் இல்லை.

கவுன்சிலர் செவ்வாய்தான் வருவார்.
செவ்வாய்வரை ஒரு பிள்ளையை மடித்து வைக்க முடியுமா.
போனில் பிடித்தேன். பிறகு டாக்டரை.
அவள் கழிப்பறை போனபோது கதவருகே நின்றேன்.
முட்டி கிழிந்து ஒரு வாண்டு வந்தான்.
"இந்தப் பஞ்சைப் பிடி" என்றேன், பிடித்தாள்.
அவன் ஊளையை எரிச்சலோடு பார்த்தாள்.
அந்த எரிச்சல் எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டு மணிக்கு பஸ்கள் போய்விட்டன.
காலா சைட்டிலிருந்து வாப்பா வந்தார்,
நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய கோட்டோடு.
முதல் கேள்வி:
"போலீஸுக்குப் போகுமா சிஸ்டர்? விசாவுல ஏதாச்சும் வருமா?"
அவரைக் குறை சொல்லமாட்டேன்.
இங்கே நாமெல்லாம்
பிளாஸ்டிக் அட்டை ஒன்றின் விளிம்பில் குடியிருக்கிறவர்கள்.
"ஆஸ்பத்திரிக்குப் போறோம், நானும் வாறேன்.
அதுக்கு முன்னால உக்காருங்க.
அவ பேசுறதைக் கேளுங்க."

வாய் திறந்தார். மூடினார்.
பேண்ட்டின் சிமெண்ட் நாற்காலியில் ஒட்டுமென்று
நுனியில் உட்கார்ந்தார்.

ஜெஸீமா, "தலைவலி வாப்பா" என்று ஆரம்பித்தாள்.
என்னைப் பார்த்தாள்.
"தலைவலி இல்ல" என்றாள்.